பொம்மைக் கட்டையில் ஒரு நீராவி எஞ்சின்

இரயில் எஞ்சினைக் கண்டு வியவாத குழந்தை உண்டோ? கரும்புகை கக்கியபடி நிலையத்துள் நுழையும் எஞ்சினைக் கண்டு தாயின் சேலைத் தலைப்பில் முகம் புதைத்த குழந்தை, மறுகணமே தலையை நீட்டி அதனை எட்டிப் பார்த்த காட்சியைச் சென்ற தலைமுறையினர் அனைவரும் அறிவர். இன்று அப்புகையும் இல்லை, அவ்வோசையும் இல்லை. நமது நாட்டின் அகலப்பாதைகளில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் 1995-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. நீலகிரி, டார்ஜீலிங் போன்ற மலைப்பாதைகளிலும், எப்போதேனும் விடப்படும் சிறப்பு வண்டிகளிலுமே அதனை இப்போது காண இயலும்.

இந்நிலையில் நீராவி எஞ்சினை நம் குழந்தைகளுக்கு எவ்வாறு அறிமுகம் செய்வது? படம் காட்டலாம், கதை சொல்லலாம். இவற்றினும் மேலான வழி ஒன்றுண்டு. குழந்தையின் கையாலேயே ஓர் எஞ்சினைக் கட்டச் செய்வதுதான் அது. இன்று பல இல்லங்களில் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறையப் பொம்மைக் கட்டைகள் கிடக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றை அழுத்திப் பொருத்தும் அந்த வண்ணக் கட்டைகளைக் கொண்டு மெய்யான ஓர் எஞ்சினின் உருவை அமைப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம். இது விளையாட்டுத்தான். ஆயினும் கணக்கும், பொறியியலும், சிறிது பொறுமையும் கூடிய விளையாட்டு.

கட்டையின் கதை

டென்மார்க்கு நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டில் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். "நன்றாக விளையாடு" என்னும் பொருளுடைய இரு டேனிய மொழிச் சொற்களைச் சுருக்கி, 1934-இல் தம் தொழிலுக்கு "லெகோ" எனப் பெயரிட்டார். இன்று நாம் காணும் கட்டையின் அமைப்புக்கு 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி காப்புரிமை கோரப்பட்டது. மேலே குமிழ்களும் உள்ளே குழல்களும் உடைய அக்கட்டை, ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். வேண்டும்போது எளிதில் பிரியும். 1966-இல் இக்கட்டைகளோடு இணைந்து ஓடும் இரயில்வண்டியும் தண்டவாளமும் வெளிவந்தன.

எஞ்சின் கட்ட முனைபவர் சில அளவுகளை மனப்பாடமாக வைத்திருத்தல் வேண்டும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மி.மீ. மெல்லிய தட்டின் உயரம் 3.2 மி.மீ. ஆகவே மூன்று தட்டுகளை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம் ஆகும். ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16 மி.மீ.; அதுவே இரண்டு குமிழ் அகலமும் ஆகும். இந்த ஐந்துக்கு இரண்டு என்னும் விகிதமே இக்கலையின் திறவுகோல் எனலாம். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இக்கட்டைகளின் வளத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். இரண்டுக்கு நான்கு குமிழ் உடைய, ஒரே நிறமுள்ள ஆறு கட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வகையாகப் பொருத்தலாம் எனக் கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆறு கட்டைக்கே இவ்வளவு என்றால், சில நூறு கட்டைகள் கையிலிருக்கும் குழந்தைக்கு எட்டாத உருவம் யாது?

எந்த எஞ்சினைத் தேர்வது?

அயல்நாட்டு எஞ்சின்களின் மாதிரிகள் கடைகளில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. ஆனால் நம் இல்லத்தில் ஓர் எஞ்சின் நிற்க வேண்டுமாயின், அது நம் குடும்பத்தினரை ஏற்றி வந்த எஞ்சினாக இருத்தல் அன்றோ பொருத்தம்? தமிழகத்தினின்று தில்லிக்கும், பம்பாய்க்கும், கல்கத்தாவுக்கும் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட நம் பெற்றோரும் பாட்டனாரும், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எந்த எஞ்சினின் பின்னால் பிரயாணம் செய்தனர்? பெரும்பாலும் அது "டபிள்யூ.பி." வகை எஞ்சினாகவே இருந்திருக்கும். "டபிள்யூ" என்பது அகலப்பாதையையும், "பி" என்பது பிரயாணிவண்டி இழுக்கும் "பசிபிக்" வகையையும் குறிக்கும்.

இவ்வகையின் முதல் பதினாறு எஞ்சின்களை அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலை 1947-ஆம் ஆண்டில், நாம் சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், செய்து அனுப்பியது. பின்னர்க் கனடா, போலந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளிலும் இவை செய்யப்பட்டன. 1963 முதல் 1967 வரை மேற்கு வங்காளத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நம் தொழிலாளரே 259 எஞ்சின்களைக் கட்டினர். மொத்தம் 755. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் முதலிய புகழ்பெற்ற வண்டிகளை இழுத்த பெருமை இவற்றுக்கு உண்டு.

இதன் தோற்றம் ஒருமுறை கண்டோர் மறவாதது. துப்பாக்கிக் குண்டின் முனைபோல் குவிந்த மூக்கு. அதன் நடுவே பெரிய விளக்கு. விளக்கைச் சுற்றி விண்மீனின் கதிர்போல் விரியும் வண்ணப்பட்டைகள். முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெருஞ்சக்கரங்கள், பின்னே இரண்டு சிறு சக்கரங்கள். ஆகையால் இதனை 4-6-2 அமைப்பு என்பர்.

மூன்று அளவுகோல்கள்

இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மாதிரியை எத்தனையில் ஒரு பங்காகச் செய்வது? மரத்தாலோ தகரத்தாலோ செய்பவர் தம் விருப்பம்போல் ஓர் அளவைத் தேர்ந்துகொள்ளலாம். கட்டையால் செய்பவருக்கு அந்த உரிமை இல்லை. சக்கரம், தண்டவாளம், கட்டை ஆகிய மூன்றும் ஏற்கெனவே செய்யப்பட்டு நம் கையில் தரப்பட்டுள்ளன. மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன.

முதலில் சக்கரத்தைக் கேட்போம். மெய்யான எஞ்சினின் பெருஞ்சக்கரத்தின் விட்டம் 1,705 மி.மீ. 2009-ஆம் ஆண்டில் லெகோ நிறுவனம் வெளியிட்ட பெரிய எஞ்சின் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ. வகுத்துப் பார்த்தால் 57-இல் ஒரு பங்கு வருகிறது.

அடுத்துத் தண்டவாளம். நமது அகலப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,676 மி.மீ. பொம்மைத் தண்டவாளத்தில் அது 37.5 மி.மீ. இதன்படி 45-இல் ஒரு பங்கு.

மூன்றாவது வண்டியின் அகலம். பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் கட்டிவந்த பெட்டியின் அகலம் 3,245 மி.மீ. பொம்மைப் பெட்டியை எட்டுக் குமிழ் அகலத்தில், அதாவது 64 மி.மீ. அகலத்தில் கட்டினால் ஏறக்குறைய 50-இல் ஒரு பங்கு.

57, 45, 50. எதனைக் கொள்வது? சக்கரத்தின் சொற்படி நடந்தால் எஞ்சின் ஒல்லியாகித் தண்டவாளத்தின்மேல் குறுகி நிற்கும். தண்டவாளத்தின் சொற்படி நடந்தால் பருத்த உடலின் கீழே சக்கரங்கள் சிறுத்துப்போய், யானைக்கு ஆட்டுக்கால் வைத்தாற்போல் ஆகும். நடுவில் நிற்கும் 50-ஐக் கொண்டால் என்ன நேர்கிறது என்று கணக்கிடுவோம். சக்கரம் 34 மி.மீ. இருத்தல் வேண்டும், நம்மிடம் இருப்பது 30. நான்கு மி.மீ. குறைவு. தண்டவாள இடைவெளி 33.5 மி.மீ. இருத்தல் வேண்டும், இருப்பது 37.5. நான்கு மி.மீ. மிகுதி. குறைவும் மிகுதியும் ஒரே அளவாகி, இரண்டும் கண்ணை உறுத்தாத எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே 50-இல் ஒரு பங்கு என்று துணியலாம்.

இக்கணக்கை ஏழாம் வகுப்பில் படிக்கும் குழந்தை தானே போட இயலும். பாடப் புத்தகத்தில் விகிதக் கணக்கு வரும்போது, "யாரோ இருவர் பங்கு பிரித்தால் நமக்கென்ன?" என்று சலித்துக்கொள்ளும் பிள்ளை, தன் எஞ்சினுக்கு என்றவுடன் தாளும் பென்சிலும் தேடி ஓடுவதை நம் இல்லத்தில் கண்டோம்.

படத்திலிருந்து கட்டைக்கு

மற்ற அளவுகளை எங்ஙனம் பெறுவது? எஞ்சினை நேர் பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஒன்று போதும். அதிலுள்ள பெருஞ்சக்கரத்தின் விட்டத்தை அடிகோலால் அளக்க வேண்டும். மெய்யான விட்டம் 1,705 மி.மீ. என்பது தெரியுமாதலால், படத்தின் அளவு எத்தனை பங்கு எனத் தெரிந்துவிடும். பின் கொதிகலத்தின் உயரம், புகைபோக்கியின் இடம், டிரைவர் நிற்கும் கூண்டின் நீளம் அனைத்தையும் அதே விகிதத்தால் பெருக்கி, 50-ஆல் வகுத்து, மீண்டும் 8-ஆல் வகுத்தால் எத்தனை குமிழ் என்பது கிடைக்கும். ஒரு பெரம்பூர்ப் பெட்டியின் உடல் நீளமான 21,337 மி.மீ. இவ்வாறு 53 குமிழாக அமைகிறது. எஞ்சினையும் டெண்டரையும் சேர்த்து நாம் வகுத்துக்கொண்ட நீளம் 60 குமிழ்.

கட்டத்தாளில் வரைந்து பார்ப்பது பழைய முறை. கணினி உள்ளவர் இதற்கென இலவசமாகக் கிடைக்கும் வரைகருவிகளைக் கொள்ளலாம். 1995-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்னும் இளைஞர் உருவாக்கிய "எல்-டிரா" என்பது இத்துறையில் முன்னோடி. இன்று "ஸ்டூடியோ" என்னும் கருவி பலராலும் பயன்படுத்தப்படுகிறது. திரையில் கட்டிப் பார்த்தபின், எந்தக் கட்டை எத்தனை வேண்டும் என்ற பட்டியலையும் அது தந்துவிடும். கடையில் வீண்செலவு இல்லை.

உருண்டையைச் சதுரத்தால் செய்தல்

எஞ்சினின் கொதிகலம் உருளை வடிவினது. கட்டையோ சதுரம். சதுரத்தால் உருண்டை செய்வது எங்ஙனம்? முன்னர்க் கூறிய ஐந்துக்கு இரண்டு விகிதம் இங்கே கைகொடுக்கிறது. பக்கவாட்டிலும் குமிழ் உடைய ஒருவகைக் கட்டையை நடுவில் அச்சாக அடுக்கி, அதன் நான்கு புறமும் வளைந்த சரிவுக் கட்டைகளை வெளிநோக்கிப் பொருத்த வேண்டும். மேலே இருப்பது வானை நோக்கும். பக்கத்தில் இருப்பவை இடமும் வலமும் நோக்கும். கீழே இருப்பது தரையை நோக்கும். ஐந்து தட்டு உயரமும் இரண்டு குமிழ் அகலமும் ஒன்றாதலால், எப்பக்கம் திருப்பினும் விளிம்புகள் இடைவெளியின்றிச் சேரும். நான்கு வளைவுகள் கூடி ஒரு வட்டம் பிறப்பதைக் காணும் குழந்தையின் முகம் மலர்வதைச் சொல்லவும் வேண்டுமோ?

மூக்கு இதனினும் கடினம். குவிந்த மூக்கை வட்டத் தட்டுகளைப் பெரியதிலிருந்து சிறியதாகப் படிப்படியாக அடுக்கி அமைக்கலாம். கோயில் விமானம் நிலைக்கு நிலை குறுகி ஏறுவது போன்ற முறை அது. அருகிலிருந்து பார்த்தால் படிகள் தெரியும். இரண்டு முழத்திற்கு அப்பால் நின்று பார்த்தால் குவிந்த மூக்கே தெரியும்.

வளைவும் சக்கரமும்

நமது அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கடுமையான வளைவின் ஆரம் 175 மீட்டர். 50-இல் ஒரு பங்காக்கினால் மூன்றரை மீட்டர். அதாவது பொம்மை இரயில் ஒரு முழு வட்டம் சுற்றி வர ஏழு மீட்டர் அகலமுள்ள கூடம் வேண்டும். நம்மவர் வாழும் குவார்ட்டர்ஸிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அவ்வளவு இடத்திற்கு எங்கே போவது? பொம்மைத் தண்டவாளத்தின் ஆரமோ 40 குமிழ், 32 சென்டிமீட்டர். பதினாறு துண்டுகளில் வட்டம் முடிந்துவிடும். சாப்பாட்டு மேசையிலேயே அடங்கும். ஆனால் அவ்வளவு சிறிய வளைவில் ஆறு பெருஞ்சக்கரங்கள் உடைய எஞ்சின் எவ்வாறு திரும்பும்?

சக்கரத்தின் உள்விளிம்பில் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் உதடு ஒன்று உண்டு. மூன்று இணைச் சக்கரங்களுள் நடு இணைக்கு மட்டும் உதடில்லாத சக்கரங்களைப் பொருத்தினால், வளைவில் அவை தண்டவாளத்தின்மேல் சற்றே நகர்ந்து இடங்கொடுக்கும். இது பொம்மைக்காகக் கண்டுபிடித்த தந்திரமன்று. 1954-இல் பிரிட்டனில் ஓடத் தொடங்கிய பத்துப் பெருஞ்சக்கர எஞ்சின்களிலும் நடு இணைக்கு உதடு கிடையாது. முன்னுள்ள நான்கு சிறு சக்கரங்களையும் பின்னுள்ள இரண்டையும் தனித்தனிச் சட்டத்தில் அமைத்து, ஒரே ஆணியில் இடவலமாக ஆடும்படி விட வேண்டும். மெய்யான எஞ்சினிலும் அவற்றின் பணி இதுவே: முன்சக்கரம் வழிகாட்டுகிறது, பின்சக்கரம் நெருப்பறையின் பாரத்தைத் தாங்குகிறது.

சக்கரம் வழுக்காமலிருக்கப் பொம்மைச் சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டுகின்றனர். மெய்யான எஞ்சினில் அந்த வேலையைச் செய்வது மணல். ஈரத்தில் சக்கரம் வழுக்கும்போது, மணற்பெட்டியிலிருந்து குழாய் வழியே தண்டவாளத்தின்மேல் மணலைத் தூவி டிரைவர் பிடிப்பை உண்டாக்குவார்.

பெரியவர் ஒருவரின் பாடம்

குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்து இரயில்வேயைக் கண்ட நமக்கு, எஞ்சினின் உள்விவரம் ஏட்டறிவே. ஆகவே நம் குடியிருப்பில் மகனோடு வசிக்கும் ஓய்வுபெற்ற டிரைவர் பெரியவர் ஒருவரை அழைத்து, பாதி முடிந்த எஞ்சினைக் காட்டினோம். பயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராக உயர்ந்து, நீராவியிலும் டீசலிலும் உழைத்தவர். அவர் மூக்கையும் வண்ணத்தையும் பார்க்கவில்லை. குனிந்து, எஞ்சினை விரலால் மெல்ல உருட்டி, இரு பக்கத்துத் தண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, முகத்தைப் பார்த்து எஞ்சினை அறிவது பிரயாணி. நடையைப் பார்த்து அறிவது நாங்கள்" என்றார்.

நம் இல்லத்துச் சிறுமி கேட்டாள்: "தாத்தா, இந்தப் பக்கத்துக் கம்பி மேலே இருக்கும்போது அந்தப் பக்கத்துக் கம்பி ஏன் மேலே இல்லை? ஒரு பக்கம் பின்தங்கி வருகிறதே?"

"நீ சைக்கிள் ஓட்டுவாய் அல்லவா, அம்மா? ஒரு மிதி நேர் மேலேயும் மற்றது நேர் கீழேயும் நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நகருமா?"

"நகராது, தாத்தா."

"எஞ்சினுக்கும் அப்படி ஒரு முட்டுக்கட்டை உண்டு. பிஸ்டன் ஒரு கோடிக்குப் போய் நிற்கும் அந்த நொடியில் தண்டு சக்கரத்தைச் சுற்றாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அப்படி நின்றுவிட்டால், வண்டி நிலையத்தை விட்டுப் புறப்படாது. அதனால்தான் ஒரு பக்கத்தை மற்றதைவிடக் கால் சுற்றுத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒருவன் களைத்து நிற்கும்போது மற்றவன் முழுப் பலத்தோடு தள்ளுவான்."

இக்கால் சுற்றைப் பொம்மையில் பிசகாமல் அமைப்பது மிக எளிது. கட்டைகளோடு வரும் அச்சுத்தண்டின் குறுக்குவெட்டு, கூட்டல் குறி போன்றது. சக்கரத்தின் துளையும் அவ்வாறே. ஆகையால் சக்கரம் நான்கு நிலைகளில் மட்டுமே பொருந்தும். ஒவ்வொன்றும் சரியாகக் கால் சுற்று. பெரிய பட்டறைகளில் நுட்பக் கருவி கொண்டு சரிபார்த்த ஒன்றை, இங்கே அச்சுத்தண்டின் வடிவமே காத்துத் தருகிறது.

பெரியவர் மேலும் ஒன்று கேட்டார்: "கூண்டில் எத்தனை பேரை நிறுத்தப் போகிறாய், அம்மா?" டிரைவர் ஒருவர், பயர்மேன் ஒருவர் என்றாள் சிறுமி. இவ்வெஞ்சினில் பயர்மேன்கள் இருவர் என்றும், ஒருவர் நெருப்புக்கு நிலக்கரி இடும்போது மற்றவர் டெண்டரில் நின்று பெரிய கட்டிகளை உடைத்து முன்னே தள்ளுவார் என்றும் அவர் விளக்கினார். நிலக்கரியை ஒரேயடியாகக் கொட்டக் கூடாதாம்; சிறிது சிறிதாக, நெருப்பறை முழுதும் சமமாகப் பரவும்படி வீச வேண்டுமாம். புகை கறுத்தால் நிலக்கரி வீணாகிறது என்று பொருள்; மெல்லிய சாம்பல் நிறமே நல்ல நெருப்பின் அடையாளம். யாவற்றினும் முக்கியமானது தண்ணீர்க் கண்ணாடி. நெருப்பறையின் கூரைமேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றிக் கூரைத்தகடு பழுக்கக் காய்ந்தால் கொதிகலமே வெடிக்கும். "வெளியே வழியையும் சிக்னலையும் பார்ப்போம், உள்ளே இந்தக் கண்ணாடியைப் பார்ப்போம். இரவு முழுவதும் எங்கள் கண் இந்த இரண்டுக்கும் நடுவிலேயே போய்வரும்" என்றார். பின்னால் பெட்டிகளில் நம்மவர் தலையணை வைத்து உறங்கிய இரவுகள் அவை.

அன்று மாலையே சிறுமி மூன்றாவது பொம்மை மனிதனைத் தேடியெடுத்து டெண்டரில் நிறுத்தினாள். நெருப்பறையின் வாயிலில் ஒளிபுகும் செம்மஞ்சள் கட்டை ஒன்றையும் வைத்தாள்.

பொம்மையில் தலைகீழ்

ஓடும் எஞ்சின் வேண்டுவோர் மின்கலத்தால் இயங்கும் மோட்டாரை டெண்டரின் அடியில் பொருத்தலாம். டெண்டர் எஞ்சினைத் தள்ள, சக்கரங்கள் சுழல, தண்டுகள் அசையும். பார்வைக்கு மெய்யான எஞ்சின் போலவே இருக்கும். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். மெய்யான எஞ்சினில் நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றுகிறது. பொம்மையில் சக்கரம் சுழன்று பிஸ்டனைத் தள்ளுகிறது. காரணமும் காரியமும் இடம் மாறியுள்ளன.

"குப், குப்" என்ற ஓசையின் பொருளும் இங்கே விளங்கும். உருளையில் வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே சீறி வெளியேறும் ஓசை அது. வெளியேறும்போது நெருப்பறையின் காற்றையும் இழுத்துச் சென்று நெருப்பை வளர்க்கிறது. வண்டி எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு நெருப்பு எரியும். சக்கரம் ஒருமுறை சுற்ற நான்கு முறை இவ்வோசை எழும். 1,705 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஐந்து முறை சுற்றும். எனவே விநாடிக்கு இருபது "குப்". அந்த வேகத்தில் தனித்தனி ஓசை கேளாது. ஒரே முழக்கமாகவே கேட்கும்.

பொருட்செலவு பற்றி

"பிளாஸ்டிக் கட்டைக்கு இவ்வளவு பணமா? அதற்கு நான்கு புத்தகம் வாங்கலாமே!" என்று இல்லத்தரசியர் கேட்பது நியாயமே. பெரிய பெட்டிகளின் விலை நடுத்தரக் குடும்பத்தை இருமுறை யோசிக்க வைப்பது. ஆனால் எல்லாம் ஒரே நாளில் வாங்க வேண்டும் என்னும் நியதி இல்லை. முதலில் மோட்டாரின்றி, நிற்கும் எஞ்சினாகக் கட்டலாம். கொதிகலத்தின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாதாதலால், அங்கே எந்த நிறக் கட்டையும் இடலாம். பழைய பெட்டியில் கிடக்கும் உடைந்த வீட்டின் சிவப்பும் மஞ்சளும் எஞ்சினின் வயிற்றுக்குள் போகட்டும். அடிப்படைக் கட்டையின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையால், அதே அளவில் பிற நிறுவனத்தாரும் கட்டை செய்கின்றனர். பெரிய சக்கரங்களும் வளைவுக் கட்டைகளும் மட்டுமே தேடி வாங்க வேண்டியவை. பல குடும்பங்கள் கூடினால் செலவும் பகிர்ந்துபோகும். குழந்தைகளும் கூடி உழைக்கக் கற்பர்.

எதை விடுவது, எதை விடாதிருப்பது?

கட்டையால் கட்டும் எஞ்சின் ஒருபோதும் மெய்யான எஞ்சினின் முழு நகல் ஆகாது. சக்கரத்தில் நான்கு மி.மீ. விட்டுக்கொடுத்தோம். வளைவில் எவ்வளவோ விட்டுக்கொடுத்தோம். ஆணிகளையும் குழாய்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டோம். ஆயின் குவிந்த மூக்கை விட்டால் அது டபிள்யூ.பி. ஆகாது. கால் சுற்று வேறுபாட்டை விட்டால் அது நீராவி எஞ்சினே ஆகாது. டெண்டரில் நின்ற மூன்றாம் மனிதனை விட்டால், அதனை ஓட்டியவர்களின் உழைப்பு அதில் இல்லாமற்போகும். எதை விடலாம், எதை விடலாகாது என்று அறிவதற்கு, எஞ்சினை உள்ளும் புறமும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவில் ஒரு பகுதி புத்தகத்தில் உண்டு. மறுபகுதி மனிதரிடத்தில் உண்டு.

அம்மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். டிரைவராகவும், பயர்மேனாகவும், பொன்மலை, பெரம்பூர்ப் பட்டறைகளில் பிட்டராகவும் வேலை செய்து, இன்று மக்களோடு வெளியூர்களில் வாழும் பெரியவர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவரேனும் இருப்பர். 1995-இல் அகலப்பாதையின் நெருப்பு அணைந்தபோது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தவரும் இன்று ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டார். சித்தரஞ்சனில் கட்டிய எஞ்சின் புதுமெருகோடு ஓடியதைக் கண்டவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பர். அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் காலம் இதுவே, இதனைத் தள்ளிப்போடலாகாது.

தில்லி வட்டாரத்து அன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் ரேவாரி நீராவி எஞ்சின் கொட்டகைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். 1965-இல் சித்தரஞ்சனில் பிறந்த "அக்பர்" என்னும் டபிள்யூ.பி. எஞ்சின் அங்கே பேணப்படுகிறது. கையில் ஓர் அளவுநாடாவையும், உடன் ஒரு பெரியவரையும் அழைத்துச் செல்லுதல் நலம்.

சங்கத்தின் அடுத்த குழந்தைகள் விழாவில் ஒரு மேசையை இதற்கென ஒதுக்கினால் என்ன? ஒருபுறம் கட்டைப் பெட்டியோடு குழந்தைகள் அமரட்டும். மறுபுறம் நாற்காலியில் அப்பெரியவர்கள் அமரட்டும். கொதிகலம், நெருப்பறை, புகைபோக்கி, மணற்பெட்டி என்னும் சொற்கள் அம்மேசையைக் கடந்து போகட்டும். எஞ்சின் சற்றுக் கோணலாக அமைந்தாலும் குற்றமில்லை. அது எவ்வாறு நடந்தது என்பதை ஒரு குழந்தையேனும் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டால், செலவிட்ட கட்டைக்கும் காலத்திற்கும் கணக்கு நேராகிவிடும்.